பொத்தானில் ஒரு பொட்டு

விமானம் விழுந்த இடத்துக்குப் போய், அது ஏன் விழுந்தது என்று எழுதுவது வேதவல்லியின் வேலை. பன்னிரண்டு வருடமாகச் செய்கிறார். அதற்கு முன்னால் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் மெக்கானிக்காக இருந்தார். வயது நாற்பத்தைந்து.

அவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர் மாசிலாமணி. வயது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருடம் பெரிய விமானங்களை ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு கீறல் விழாமல் ஓட்டினேன் என்று சொல்லிக்கொள்வார். அது உண்மையும்தான்.

குருவைவிடச் சீடர் பதின்மூன்று வயது மூத்தவர் என்பதால் அலுவலகத்தில் வேதவல்லிக்குத் தகப்பன்சாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். காதுபடவே சொல்வார்கள். மாசிலாமணியும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் சேர்ந்த இரண்டாம் மாதம் கூன்மலை விபத்து நடந்தது.

கூன்மலையில் இருப்பது ஒரு சின்ன விமான நிலையம். ஓடுபாதைக்கு முன்னால் முதுகு வளைந்த ஒரு குன்று நிற்கிறது. நகரத்திலிருந்து ஒரு சிறு நிறுவனம் தினமும் மாலையில் அங்கே ஒன்பது இருக்கை விமானம் ஒன்றை விட்டுக்கொண்டிருந்தது. நாலு இருபதுக்கு இறங்கும். விமானி ஒருவர்தான்.

அன்றைக்கு ஓட்டியவர் கேப்டன் நெவில் கர்வாலோ. தூத்துக்குடிக்காரர். சக்கரங்களை வெளியே விடாமலே விமானத்தைத் தரையில் இறக்கிவிட்டார். அது வயிற்றால் வழுக்கிக்கொண்டு போய், ஓடுபாதையைத் தாண்டி, சுழன்று, வால்பக்கமாக ஒரு மதகில் மோதியது. பயணிகள் எட்டுப் பேர். ஏழு பேர் நடந்து வெளியே வந்தார்கள். பாக்கியத்தாய் என்ற ஐம்பத்தொரு வயதுப் பெண் வரவில்லை.

நிறுவனம் மறுநாளே கர்வாலோவை வேலையை விட்டு நீக்கியது. போலீஸ் வழக்குப் பதிந்து, விசாரணை அறிக்கைக்காகக் காத்திருந்தது.

“இதை நீங்களே எழுதுங்க, கேப்டன்,” என்று வேதவல்லி மாசிலாமணியிடம் சொல்லியிருந்தார்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, மாசிலாமணி அறிக்கையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். இரண்டரைப் பக்கம். வேதவல்லி நின்றுகொண்டே படித்தார். கடைசி வரி இப்படி இருந்தது: ‘விமானி எச்சரிக்கை ஹாரனைத் தம் கையால் அணைத்தார், சக்கரங்களை இறக்கவில்லை.’

“நல்ல ஆரம்பம்,” என்றார் வேதவல்லி.

“அது கடைசி வரி, மேடம்.”

“தெரியும்.”

மாசிலாமணி உட்கார்ந்தார்.

“இதுக்கு மேல என்ன இருக்கு? எஞ்சின் விசையைக் குறைச்சா, சக்கரம் உள்ளே இருந்தா, ஹாரன் கத்தும். அதுக்குத்தான் வச்சிருக்கு. கத்தியிருக்கு. ஒலிப்பதிவுல இருக்கு. ஒன்றரை நொடி கத்துது. டக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் அமைதி. இவரே பொத்தானை அழுத்திட்டார்.”

“ம்.”

“அதோட விட்டாரா? சக்கரம் இறங்கினா மூணு பச்சை விளக்கு எரியணும். ஒண்ணுகூட எரியல. இவர் வாயைத் திறந்து ‘மூணு பச்சை’ன்னு சொல்றார். பதிவுல இருக்கு. பாக்காமலே பாத்தேன்னு சொல்லியிருக்கார். நான் அதைப் பொய்னுதான் எழுதியிருக்கேன்.”

“பார்த்தேன்.”

“அந்த அம்மாவோட மகன் நேத்து வந்தார், மேடம். வாசல்லயே நின்னுட்டு ‘யார் சார் காரணம்?’னு ஒரே கேள்வி. திங்கட்கிழமை சொல்றேன்னு அனுப்பியிருக்கேன். அறிக்கை போக வேண்டியதும் திங்கட்கிழமைதான்.”

வேதவல்லி பின்னால் இணைத்திருந்த புகைப்படங்களைப் புரட்டினார். ஒன்றில் நின்றார். உடைந்த விமானத்தின் முன்பலகை. ஹாரனை அணைக்கும் கறுப்புப் பொத்தான். அதன் நடுவில் சிவப்பாக ஒரு கறை. கீழே மாசிலாமணி எழுதியிருந்தார்: ‘ரத்தம் என்று சந்தேகித்து ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. குங்குமம். சம்பந்தமில்லாதது.’

“எதுக்குச் சம்பந்தமில்லாதது?” என்று கேட்டார் வேதவல்லி.

“விபத்துக்கு.”

“நாளைக்குக் காலையில ஹேங்கருக்குப் போலாம்,” என்று சொல்லி அறிக்கையை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

அந்த நிறுவனத்திடம் அதே வகையில் இன்னொரு விமானம் இருந்தது. வருடாந்திரப் பராமரிப்புக்காக ஹேங்கரில் மூன்று ஜாக்கிகளின் மேல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். வேலை முடிந்ததும் திங்கட்கிழமை மாலையிலிருந்து கூன்மலைச் சேவை மறுபடி தொடங்கும் என்று பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. அதே நேரம், அதே பாதை.

ஹேங்கரைப் பார்த்துக்கொள்பவர் கோமதிநாயகம். தலைமை டெக்னீஷியன். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். வேதவல்லி மெக்கானிக்காக இருந்த காலத்தில் கூட வேலை பார்த்தவர்.

“வாங்க தகப்பன்சாமி,” என்றார் அவர். “சிஷ்யப்பிள்ளையும் வந்திருக்காப்லயா?”

“இங்க வரைக்கும் வந்துடுச்சா அந்தப் பேரு?” என்றார் மாசிலாமணி.

“நல்ல பேரு தானா நடந்து வந்திரும் சார்.”

மூவரும் விமானி அறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். வேதவல்லி எதையும் சுட்டிக்காட்டவில்லை. மாசிலாமணிதான் முதலில் கண்டார். திசைதிருப்பும் பிடியில் ஒரு பொட்டு. எஞ்சின் விசைப்பிடியில் ஒன்று. சக்கரத்தை இறக்கும் பிடியில் ஒன்று. அப்புறம், ஹாரனை அணைக்கும் கறுப்புப் பொத்தானில் ஒன்று.

முன்பலகையில் மொத்தம் முப்பதுக்கு மேல் பொத்தான்கள் இருந்தன. மற்ற எதிலும் பொட்டு இல்லை.

“இது யார் வச்சது?”

“நான்தான் சார். ஆயுத பூஜைக்கு.”

“அது சரி. இந்தப் பொத்தானுக்கு எதுக்கு?”

கோமதிநாயகத்துக்குக் கேள்வி புரியவில்லை.

“எதுக்குன்னா? நம்ம தச்சன் எதுக்குப் பொட்டு வைக்கான்? உளிக்கு வைப்பான், இழைப்புளிக்கு வைப்பான். மூலையில கெடக்க பழைய ஆணிக்கா வைப்பான்? கை புழங்குத சாமானுக்குத்தான் வைப்பான். நானும் அப்படித்தான். பூஜைக்கு முந்தின நாள் எல்லாத்தையும் தொடைப்பம்லா, அப்பத் தெரியும். மத்த பொத்தானெல்லாம் தூசி அடைஞ்சு கெடக்கும். இது மட்டும் வழுவழுன்னு இருக்கும். மேல எழுதியிருந்த எழுத்தே அழிஞ்சு போச்சு, பாருங்க.”

மாசிலாமணி குனிந்து பார்த்தார். எழுத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கீற்று மட்டும் மிச்சமிருந்தது.

“எத்தனை வருஷமா வைக்கிறீங்க?”

“கூன்மலைக்கு விட ஆரம்பிச்சதுலேருந்து. பதினோரு வருசம்.”

“ரெண்டு விமானத்துக்குமா?”

“ஒண்ணுக்கு வச்சிட்டு ஒண்ணை விட்டா அது கோவிச்சுக்கிடாதா?”

வேதவல்லி விமானத்தின் படியில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி அவரிடம் வந்தார்.

“சரி, மேடம். எல்லாரும் அழுத்துறாங்க. ஒத்துக்கறேன். கெட்ட பழக்கம். ஆனா மத்தவங்க அழுத்திட்டுச் சக்கரத்தை இறக்கிட்டாங்களே? பதினோரு வருஷமா இறக்கியிருக்காங்களே? இவர் ஒருத்தர்தான இறக்கல? அப்போ திரும்பவும் அதே இடத்துக்குத்தான வரோம்?”

வேதவல்லி எழுந்தார்.

“ஏறி உட்காருங்க, கேப்டன்.”

“நானா?”

“ஜாக்கியில நிக்குது. எங்கயும் போயிடாது. மின்சாரம் கொடுத்திருக்கு. பிடியை மேலே தள்ளினா சக்கரம் உள்ளே போகும், கீழே இழுத்தா வெளியே வரும். ஹாரனும் வேலை செய்யும். கூன்மலையில இறக்குங்க, பார்ப்போம்.”

மாசிலாமணி சிரித்தபடியே ஏறி விமானியின் இருக்கையில் உட்கார்ந்தார். கோமதிநாயகம் ஆட்களை விலகச் சொல்லிவிட்டு, சக்கரங்கள் தெரியும்படி கீழே தள்ளி நின்றார். வேதவல்லி பின் இருக்கையில் ஒரு காகிதத்தோடு உட்கார்ந்தார். கர்வாலோ ஓட்டிய அந்தக் கடைசிப் பயணத்தின் உயரமும் வேகமும் நொடி வாரியாக அதில் இருந்தன.

சக்கரங்கள் உள்ளே போயின.

“குன்றைத் தாண்டியாச்சு,” என்றார் வேதவல்லி. “ஓடுபாதை பக்கத்துலயே இருக்கு. நீங்க ரொம்ப உயரத்துல இருக்கீங்க. சீக்கிரம் இறங்கணும்.”

மாசிலாமணி விசைப்பிடியைப் பின்னால் இழுத்தார். உடனே ஹாரன் அலறியது. அந்தச் சின்ன அறையில் அது தலைக்குள்ளேயே அலறுவது போல இருந்தது.

அவர் கை சக்கரப் பிடிக்குப் போயிற்று.

“வேகம் நூற்றெண்பது,” என்றார் வேதவல்லி.

கை நின்றது. நூற்றைம்பதுக்கு மேல் இந்த விமானத்தில் சக்கரத்தை வெளியே விடக்கூடாது. விட்டால் காற்று சக்கரக் கதவைப் பிய்த்துவிடும். அது அவருக்குத் தெரியும். பெரிய விமானத்திலும் இப்படி ஒரு கணக்கு உண்டு.

“அப்போ எப்ப இறக்கறது?”

“வேகம் குறைஞ்சதும். இன்னும் அம்பது நொடி.”

“அது வரைக்கும் இது கத்துமா?”

“குன்று இருக்கறது அதுக்குத் தெரியாதே.”

மாசிலாமணி பொத்தானைத் தொடவில்லை. ஹாரன் கத்திக்கொண்டே இருந்தது. வேதவல்லி ஏதோ சொன்னார்.

“என்ன?”

வேதவல்லி மறுபடி சொன்னார். அதே குரலில்.

“கேக்கல மேடம்!”

அம்பது நொடி கழிந்தது. சக்கரம் இறங்கியது. ஹாரன் நின்றது. மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன.

“எறங்கிட்டு!” என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார் கோமதிநாயகம்.

“என்ன சொன்னீங்க?” என்று மாசிலாமணி திரும்பிக் கேட்டார்.

“ரேடியோவுல கூன்மலை டவர் பேசுச்சு. ஓடுபாதையில ரெண்டு எருமை நிக்குது, மேலேயே சுத்துங்கன்னு சொன்னாங்க.”

மாசிலாமணி பிடியை மறுபடி மேலே தள்ளினார்.

இரண்டாம் முறையும் அவர் பொத்தானைத் தொடவில்லை. இந்த முறை டவர் சொன்ன காற்றின் திசை கேட்கவில்லை. மூன்றாம் முறை ஹாரன் அலறியதும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். அறை அமைதியானது. டவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. வேகம் குறைந்ததும் சக்கரத்தை இறக்கினார். மூணு பச்சை என்றார்.

“இப்பச் சரியா இருக்கு,” என்று அவரே சொல்லிக்கொண்டார்.

“ஒரு தடவை அணைச்சா, மறுபடி விசையைக் கூட்டற வரைக்கும் அது வாய் திறக்காது. ஞாபகம் வச்சுக்கங்க.”

“வச்சிருக்கேன்.”

நான்கு. ஐந்து. அன்றைக்கு அந்த அம்பது நொடிக்குள் நிறுவனத்தின் ஆபீஸிலிருந்து ரேடியோவில் கர்வாலோவைக் கூப்பிட்டிருந்தார்கள். திரும்பும் பயணத்தில் சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறார், எந்த இருக்கையைக் கழற்றுவது என்று கேட்டிருந்தார்கள். அதுவும் பதிவில் இருந்தது. ஆறாம் முறை வேதவல்லி அதே கேள்வியை அதே நொடியில் கேட்டார். மாசிலாமணி அதற்காகவே காத்திருந்தவர். “அப்புறம் சொல்றேன்,” என்று வெட்டிவிட்டுச் சக்கரத்தை இறக்கினார். திரும்பிப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார்.

“எறங்கிட்டு!” என்றார் கோமதிநாயகம்.

ஏழு. எட்டு. ஹாரன் அலறுவதும் விரல் போவதும் ஒன்றாகவே நடந்தன. இப்போது அவர் பொத்தானைப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் முறை வேகம் நூற்றறுபது என்று சொல்லிவிட்டு, வேதவல்லி வாட்சைப் பார்த்தார்.

“கேப்டன், மணி ஒண்ணாகப் போகுது. கேண்டீன்ல தயிர்சாதம் தீர்ந்துடுச்சாம். எலுமிச்சை சாதம் போதுமா?”

“போதும். ஊறுகாய் மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க. ரத்த அழுத்தம்.”

“சரி. இருநூறு அடி.”

“மூணு பச்சை,” என்றார் மாசிலாமணி.

“நூறு அடி. ஐம்பது. இருபது. தரை.”

ஹேங்கரில் ஒரு சத்தமும் இல்லை. எப்போதும் வரும் குரலுக்காக மாசிலாமணி காத்திருந்தார்.

“சார்,” என்றார் கோமதிநாயகம் கீழேயிருந்து. குரல் இறங்கியிருந்தது. “சக்கரம் உள்ளதான் இருக்கு.”

மாசிலாமணி விளக்குகளைப் பார்த்தார். ஒன்றும் எரியவில்லை. சக்கரப் பிடியைப் பார்த்தார். அது மேலேயே இருந்தது. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வலது கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலில் குங்குமம் ஒட்டியிருந்தது.

“மூணு பச்சைன்னு சொன்னேனா, மேடம்?”

“சொன்னீங்க.”

“பொய் சொல்லல. நான்... இருந்த மாதிரிதான் இருந்துச்சு.”

வேதவல்லி காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மாசிலாமணி இறங்க நேரமாயிற்று. கோமதிநாயகம் கை கொடுத்தார். அவர் எதுவும் கேலி பேசவில்லை. தன் ஆட்களைப் பார்த்து, “என்னலே வேடிக்கை? சோலியப் பாருங்க,” என்று மட்டும் அதட்டினார்.

மதியம் இருவரும் எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்கள். மாசிலாமணி பாதியில் பொட்டலத்தை மடித்து வைத்தார்.

“கர்வாலோவை நான் விசாரிச்சது எத்தனை நிமிஷம் தெரியுமா?” என்று கேட்டார். “பதினொண்ணு. ஹாரனை ஏன் அணைச்சீங்கன்னு கேட்டேன். தெரியலன்னார். விளக்கைப் பார்க்காம ஏன் பார்த்ததாச் சொன்னீங்கன்னு கேட்டேன். அதுக்கும் தெரியலன்னார். பதிலளிக்க மறுத்தார்னு எழுதினேன்.”

“படிச்சேன்.”

“நாளைக்கு ஒரு தடவை போய்ட்டு வரலாமா?”

“ஜீப்புக்குச் சொல்லிட்டேன்,” என்றார் வேதவல்லி.

கர்வாலோவின் வீடு தூத்துக்குடியில் மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அவரே கதவைத் திறந்தார். வயது நாற்பது இருக்கும். இடது கையில் மாவுக்கட்டு. முகத்தில் பதினோரு நாள் தாடி. மாசிலாமணியை அடையாளம் கண்டுகொண்டு, சட்டைப் பொத்தானை ஒற்றைக் கையால் போட முயன்றார். மேல் பொத்தான் வரவில்லை. விட்டுவிட்டார்.

“கையெழுத்து வாங்க வந்தீங்களா சார்? எங்க போடணும்?”

“இல்ல. உட்காருங்க.”

“நான்தான் அழுத்தினேன். அதுல ஒண்ணும் சந்தேகமில்ல. எழுதிக்கங்க. எழுதி முடிச்சிட்டா எனக்கும் ஒரு இது... தினமும் யாராவது ஒருத்தர் வந்து எப்படி நடந்துச்சுன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க.”

கர்வாலோவே கேட்டார்.

“அந்த அம்மாவோட மகன் வந்தாரா?”

“வந்தார்.”

“என்ன கேட்டார்?”

“யார் காரணம்னு கேட்டார்.”

“சொல்லலையா?”

“திங்கட்கிழமை சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.”

“எதுக்கு சார் காக்க வைக்கறீங்க? சொல்லிருங்க. அந்த அம்மா ஏறும்போது எங்கிட்ட ஜன்னல் சீட்டு கேட்டாங்க. முதல் தடவையாம். நான்தான் கடைசி வரிசையில உட்கார வச்சேன். பின்னால உட்கார்ந்தா மலை நல்லாத் தெரியும்மான்னு சொன்னேன்.”

மாசிலாமணி பையிலிருந்து நோட்டை எடுத்தார். வேதவல்லியைப் பார்த்தார். வேதவல்லி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டியவர் அவர் இல்லை என்பது தெரிந்தது.

“கேப்டன் கர்வாலோ,” என்றார் மாசிலாமணி. “அன்னிக்கு அழுத்தினீங்க. அதுக்கு முன்னால எப்ப அழுத்தினீங்க?”

கர்வாலோ நிமிர்ந்து பார்த்தார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை.

“முந்தின நாள்.”

“அதுக்கு முந்தி?”

“அதுக்கு முந்தின நாள். தினமும்தான் சார். குன்று தாண்டினதும் அது கத்தும். கத்தற நேரத்துல சக்கரத்தை விட முடியாது. விடற நேரத்துல அது கத்தாது.”

“ஆபீஸ்ல சொன்னீங்களா?”

“சேர்ந்த புதுசுல எழுதிக் கொடுத்தேன். வழக்கமா வர்றதுதான், பழகிடும்னாங்க. பழகிடுச்சு.”

“ரேடியோவுல கூப்பிடறது?”

“அதுவும் தினம்தான். கூன்மலையில இருபது நிமிஷம்தான் நிக்கும். அதுக்குள்ள எல்லாம் ஏத்தி இறக்கணும். அதனால முன்னாடியே கேட்டுக்குவாங்க. பாவம், அவங்களுக்கும் வேற நேரம் கிடையாது.”

மாசிலாமணி எழுதிக்கொண்டார். ஒரு பக்கம் முடிந்தது. திருப்பினார்.

“ஹாரனை அழுத்தணும்னு உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தா?”

கர்வாலோ வெகுநேரம் யோசித்தார். வெளியே மீன் விற்கும் பெண் ஒருத்தி ‘சாளை, சாளை’ என்று கூவிக்கொண்டு போனாள். அந்தக் குரல் சந்து முனையைத் தாண்டும் வரை யோசித்தார்.

“யாரும் சொல்லிக்கொடுக்கல சார்,” என்றார். “முதல் நாள் தனியா ஓட்டறேன். குன்று தாண்டினதும் கத்திச்சு. எனக்கு ஒண்ணும் ஓடல. எதை அணைக்கறதுன்னு தேடினேன். பொட்டு இருந்துச்சு.”

மாசிலாமணியின் பேனா நின்றது.

“அன்னிக்கு நான் பதில் சொல்ல மறுத்தேன்னு நீங்க நோட்டுல எழுதினதைப் பார்த்தேன் சார்,” என்றார் கர்வாலோ. “நான் மறுக்கல. ஏன்னு கேட்டீங்க. எனக்கு ஏன்னு தெரியல.”

“அதை அடிச்சிட்டேன்,” என்றார் மாசிலாமணி.

எழுந்தபோது மாசிலாமணி கர்வாலோவின் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் ஜீப் உப்பளங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மாசிலாமணி பழைய அறிக்கையை மடியில் விரித்து வைத்திருந்தார். எல்லா அறிக்கைக்கும் முதல் பக்கம் ஒரே மாதிரி அச்சடித்த படிவம்தான். நாள், இடம், விமான வகை. கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். ஒரு வரி எழுதலாம். அதில் அவர் வியாழக்கிழமையே எழுதியிருந்ததை வெள்ளை மையால் அழித்திருந்தார். அது காய்ந்துவிட்டது.

“குன்றை எழுதவா? ஹாரனை எழுதவா?” என்றார். “பழகிடும்னு சொன்ன ஆபீஸையா? இருபது நிமிஷத்தையா? கோமதிநாயகம் வச்ச பொட்டையா? அந்த மனுஷன் சாமி கும்பிட்டது ஒரு குத்தமா? எல்லாத்தையும் உள்ள எழுதிடுவேன் மேடம். பத்துப் பக்கம் ஆனாலும் எழுதிடுவேன். ஆனா அந்தப் பையன் வாசல்ல வந்து நிப்பானே? யார்னுதான கேட்டான்? இந்தக் கட்டத்துல ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கு.”

வேதவல்லி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திங்கட்கிழமை கூன்மலைக்கு யார் ஓட்டறாங்க?”

“புதுசா ஒருத்தர். புதன்கிழமைதான் சேர்ந்திருக்கார்.”

“பேரு?”

“இளங்கீரன்.”

“அதை எழுதுங்க.”

மாசிலாமணி பேனாவின் மூடியைக் கழற்றினார். எழுதப் போனவர் நிறுத்தினார்.

“அவர் இன்னும் அந்த விமானத்துல ஏறவே இல்லையே, மேடம்?”

“ஆமா,” என்றார் வேதவல்லி. “ஹாரனும் பொட்டும் அப்படியேதான் இருக்கு. மாத்தணும்னா திங்கட்கிழமை நாலு இருபது வரைக்கும் நேரம் இருக்கு.”